பலகையில் ஏறிய தும்பிக்கை

1934 மார்ச் 5, திங்கள்
பெல்மதுளைச் சந்தியில் எங்கள் புதுக் கடைக்குப் பலகை வந்துவிட்டது. எழுத்துத்தான் இல்லை. பெயின்டர் அப்புஹாமி பாஸ் சிங்கள மேஸ்திரி, விகாரைச் சுவரில் ஆனை வரைகிறவர். தமிழ் வாசிக்கத் தெரியாது. என் மகன் லாபிர் கிறுக்கிக் கொடுத்ததைப் பார்த்துத் தாளில் எழுதிப் பார்த்தாராம் — கோழி கிளறின மாதிரி!
"வெள்ளிக்கிழம தெறக்கணும் உம்மா. இங்கிலீசுல மட்டும் எழுதிருவம்."
மௌத்தாப் போன அவன் வாப்பாவின் பெயர் தமிழில் இல்லாமலா? நான் சொல்லிக் கொடுக்கிறேன் என்றேன். "அஞ்சாம் வகுப்புப் படிச்ச உஸ்தாதா!" என்று சிரிக்கிறான். அவன் பிள்ளைகள் நாலு பேருக்கும் எழுத்துப் பழக்கினது யாராம்?

மார்ச் 6
அந்நிய ஆண் முன்னால் போக முடியுமா? கடைத் திரைக்குப் பின்னால் கதிரை போட்டு உட்கார்ந்து, பலகையைப் பார்க்காமலே கத்தினேன். "கால நேரா எறக்குங்க பாஸ்! இப்ப சுழி!" 'ரஸாக் ஜவுளிக்கடை' முடிந்தது. 'பெல்மதுளை'க்கு, "மொதல்ல கொம்பு" என்றேன்.
"கொம்புவ தானே நோனா? எங்க எழுத்துலயும் ஈக்கி!"
சிங்களத்திலும் அதே பெயராம்! சிரித்துச் சிரித்து வெற்றிலை புரையேறிவிட்டது.

மார்ச் 7
கடைசி எழுத்து ளை. 'கடை'யில் போட்ட ஐகாரக் கொம்பு இதற்கு இல்லை; ள-வோடு ஒட்டி முன்னால் தூக்கி நிற்கிற வளைவை எப்படிச் சொல்வது? "ஆன தும்பிக்கயத் தூக்குற மாதிரி" என்றேன்.
"ஹரி, ஹரி!" என்றார், சரி சரி என்று சிங்களத்தில்.
என்ன சந்தோஷம் அந்தக் குரலில்.

மார்ச் 8
அல்லாஹ்வே! நேற்று அந்தக் குரலைக் கேட்டபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். தும்பிக்கையில் சுருக்கமெல்லாம் போட்டிருக்கிறாராம், நுனியில் இரண்டு ஓட்டை வேறு!
"முஸ்லிம் கடையில ஆனப் படமா? பலகை முழுக்கச் சொரண்டப் போறன்" என்கிறான் லாபிர்.
விடிஞ்சா கடை தெறப்பு. அவன் வாப்பாட பேரும் சேந்து போயிருமே! "சுருக்கத்தயும் ஓட்டயயும் மட்டும் டர்பன்டைன் தொட்டுத் தொடைக்கச் சொல்லு. வளைவு எழுத்தோடது, அதத் தொடாத!" என்றேன். பாஸ் மனசில்லாமல் துடைத்தாராம்.

மார்ச் 9, வெள்ளி
ஜும்ஆ முடிந்து திறந்தோம். தோட்டத்துக் கந்தையா கங்காணி நடு ரோட்டில் நின்று எழுத்துக் கூட்டி வாசித்தார். "ஏங்க, கடைசி எழுத்து சலாம் போடுதுங்க!"
கடைவீதியே சிரித்தது. சிரித்தவர்கள் எல்லாரும் உள்ளே வந்தார்கள்.

மார்ச் 17
பேக்கரிக்காரருக்கும் சலாம் போடுகிற எழுத்து வேண்டுமாம். நோனா சொன்னால்தான் எழுதுவேன் என்று பாஸ் அடம்பிடிக்கிறாராம். நாளைக்கு அவர்கள் பலகை இங்கே வருகிறது.
லாபிர் கத்தரிக்கோலோடு வந்து, திரையில் என் கண் உயரத்துக்குப் பொத்தான் ஓட்டை ஒன்று வெட்டி, ஓரம் தைத்துவிட்டுப் போனான்.