பூங்காவுக்குப் போகாத சனிக்கிழமை

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நலம் என்றுதான் எழுதுவாய். சாப்பிட்டாயா என்று கேட்டால் மட்டும் பதில் வராது. நாங்கள் நான்கு பேரும் நலம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம், வைத்த பிறகு என்ன பேசினோம் என்று இருவருக்குமே தெரியாது. எழுதினால் நீ முழுசாகக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

விஷயம் இதுதான். உன் ஊருக்கு வெளியே இருக்கிற தீம் பார்க்கைத் திறந்துவிட்டார்கள். பிப்ரவரி ஆறாம் தேதி, சனிக்கிழமை, நம் ஐந்து பேருக்கும் டிக்கெட் போட்டுவிட்டார் உன் மாப்பிள்ளை. பள்ளிக்கூடம் மூடிக் கிடப்பதால் டிரில் வாங்க ஆள் இல்லாத டிரில் மாஸ்டரை வீட்டில் வைத்துக்கொண்டு நான் படுகிற பாடு உனக்குத் தெரியாது. எந்த ராட்டினத்தில் எத்தனை மணிக்கு ஏறுவது என்று அட்டவணை போட்டிருக்கிறார். விசிலும் கொண்டுவருவாராம்.

பத்து மாதமாக வாலு இந்த இரண்டு அறைக்குள்தான் வளர்கிறான். போன வாரம் லிஃப்டில் ஒரு அம்மா தும்மினார். இவன் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒன்பது மாடியும் மூச்சைப் பிடித்துக்கொண்டே வந்தான். ஆறு வயசுப் பிள்ளை! பெரியவள் யாரோடும் பேசுவதில்லை. கேட்டால் "என்ன பேசறது?" என்கிறாள். எனக்கு நோயைவிட இவர்களைப் பார்த்தால்தான் பயமாக இருக்கிறது.

பூங்காவுக்குள் விட மூன்று நாளுக்குள் எடுத்த சோதனைச் சீட்டு வேண்டுமாம். ஊரெல்லாம் அதற்கு வரிசையில் நிற்கிறது. எனக்கென்ன, சோதனைக்கூடத்திலேயே அக்காவை வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை வந்துவிடுகிறோம். நீயே எங்கள் மூக்கைக் குடைந்துவிடு.

உன்
பாப்பா


ஜனவரி 18

அன்புள்ள பாப்பாவுக்கு,

சாப்பிட்டேன். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரித்தேன். இரண்டாம் தடவை முடியவில்லை.

காலையில் எங்களுக்குப் பெட்டி பெட்டியாகக் குழாய்கள் வரும். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவருடைய மூக்கிலிருந்து எடுத்த குச்சி. மெஷினில் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கோடு படுத்தே கிடந்தால் நோய் இல்லை, எழுந்தால் இருக்கிறது. போன மாதம் தொண்ணூறு குழாயில் நான்கு எழுந்தன. நேற்று பதினேழு. டிவியில் இன்னும் குறைகிறது, குறைகிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

வாலுவின் நெஞ்சை மறந்துவிட்டாயா? இரண்டு வருஷத்துக்கு முன்னால் எட்டு நாள் ஆக்சிஜனில் கிடந்தானே. நீ சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாய். அவன் விலா ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் நான். பார்க்கில் ஒருத்தர் பிடித்த கம்பியை ஆயிரம் பேர் பிடிப்பார்கள். வாயைத் திறந்து கத்துவதற்கென்றே கட்டிய இடம் அது, பாப்பா.

கொஞ்சம் தள்ளிப்போடேன். ராட்டினம் எங்கேயும் ஓடிப்போகாது. மாப்பிள்ளையிடம் நான் கேட்டதாகச் சொல்.

உன்
அக்கா


ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

நீ வேண்டாம் என்று எழுதுவாய் என்று பந்தயம் கட்டினோம். யாரும் தோற்கவில்லை, நாலு பேரும் அதையேதான் சொன்னோம்.

நீ எப்போதுமே இப்படித்தான். எனக்கு எட்டு வயசில் பொருட்காட்சி ராட்டினத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். நீ ஓடிப்போய், "இவளுக்கு வலிப்பு வரும், எறக்கிவிடுங்க" என்று அந்த ஆளிடம் கூசாமல் சொன்னாய். அத்தனை பேர் முன்னால் என்னைத் தூக்கி இறக்கினார்கள். உனக்குப் பயம் வந்தால் ஊரையே நிறுத்திவிடுவாய்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் பயம்தான். பெட்டியில் துணி அடுக்கினேன், எடுத்து வெளியே வைத்தேன், மறுபடி அடுக்கினேன். வாலுவின் மூச்சு மருந்தை மட்டும் நான்கு இடத்தில் வைத்திருக்கிறேன், ஒன்று தொலைந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று. நேற்று அவன் கேட்டான்: "அம்மா, அங்க போனா செத்துருவோமா?" "ஐயோ, இல்லடா கண்ணா" என்று சொல்லிவிட்டேன். இப்போது போகாமல் இருந்தால் என் சொல்லை அவன் எப்படி நம்புவான்?

வாஷிங் மெஷின் கம்பெனியில் நாளெல்லாம் அடுத்தவர் குறையைக் கேட்கிற வேலை எனக்கு. உன் குறையையும் கேட்டுக்கொண்டேன். ஆனால் வருகிறோம்.

உன்
பாப்பா


ஜனவரி 31

அன்புள்ள பாப்பாவுக்கு,

சரி, வாருங்கள். இதற்கு மேல் சொன்னால் நீ என்னோடு பேசமாட்டாய். அறையைத் துடைத்துவிட்டேன். கதவுக் கைப்பிடியைப் பல தடவை துடைத்தாயிற்று. பிள்ளைகளுக்குப் புதுப் போர்வை எடுத்து வைத்திருக்கிறேன்.

நேற்று தொண்ணூறில் இருபத்தாறு. இதைச் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன்.

உன்
அக்கா


பிப்ரவரி 10

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று உனக்குப் போன் செய்தேன். வேலையாக இருக்கிறேன் என்று வைத்துவிட்டாய். அதனால் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமைதான் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. நீ அறை வாசலில் தள்ளி நின்று, "மாப்பிள்ளைக்கு மட்டும் பாசிட்டிவ்" என்று சொன்னபோது உன் முகம் எங்களைவிட வெளுத்திருந்தது. அரை மணிக்குள் அவரை ஏற்றிப்போக வண்டி வந்துவிட்டது. அப்போதும் அவர் உன்னைப் பார்த்து, "நல்லவேளை, நீங்க பாத்தீங்க. புள்ளைங்கள நெனச்சாத்தான் திக்குங்குது" என்றார். திரும்பி வரும்போது பஸ் ஜன்னலில் பார்க்கின் பெரிய ராட்டினம் தெரிந்தது. வாலு அழுவான் என்று நினைத்தேன். அவன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாங்கள் மூவரும் வீட்டிலேயே அடைந்து கிடக்கிறோம். அவர் உன் ஊரில், நோயாளிகளை வைத்திருக்கிற விளையாட்டு அரங்கில் எண்பது கட்டிலுக்கு நடுவில். பக்கத்துக் கட்டில்காரர் விடாமல் இருமுகிறாராம்.

ஆனால் ஒரு நல்ல சேதி. நேற்று அங்கே மறுபடி சோதித்ததில் இல்லை என்று வந்துவிட்டது! இவர் டாக்டரைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். "மொத சீட்டு தப்புன்னு அந்தக் கூடத்துல எழுதிக் குடுத்தா இன்னிக்கே அனுப்பிடறேன். இல்லன்னா பத்து நாள் இருந்துதான் ஆகணும்" என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

குழாய் ஏதாவது மாறியிருக்குமா அக்கா? உன்னைக் குறை சொல்லவில்லை. அத்தனை குழாயில் ஒன்று மாறுவது பெரிய குற்றமா? ஒரே ஒரு வரி எழுதிக் கொடு. அரங்கம் உனக்கு நடக்கிற தூரம்தானே.

உன்
பாப்பா


பிப்ரவரி 12

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் இன்று வந்தது. குழாய் மாறவில்லை. எங்கள் கூடத்தில் அப்படி நடக்காது. இரண்டாம் சோதனையில் சில சமயம் இல்லை என்று வரும். சரியாகக் குச்சி விட்டிருக்க மாட்டார்கள்.

எழுதிக் கொடுப்பதென்றால் மேலதிகாரி கையெழுத்துப் போடவேண்டும், விசாரணை வரும். அதெல்லாம் முடிவதற்குள் அவரே வெளியே வந்துவிடுவார். ஏழு நாள் ஓடிவிட்டது, இன்னும் மூன்று நாள்தானே. மாப்பிள்ளை திடமான ஆள். நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

வாலுவுக்குக் காலையும் மாலையும் ஆவி பிடி. பெரியவளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.

உன்
அக்கா


மார்ச் 7

அன்புள்ள அக்காவுக்கு,

அவர் போய்ப் பதினோரு நாள் ஆகிவிட்டது. பதினைந்தாம் தேதி விடுவதாக இருந்தார்கள். பதின்மூன்றாம் தேதி காய்ச்சல் வந்தது. அவ்வளவுதான். நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்த மனுஷன், கடைசியில் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார மூச்சு இல்லாமல் போய்விட்டார் என்று நீ போனில் சொன்னாய். என்னால் இன்னும் அதைக் கற்பனை செய்ய முடியவில்லை. நீயாவது கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தாய். எனக்கு அதுவும் இல்லை.

எல்லாம் என்னால்தான். நீ வேண்டாம் வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டாய். அட்டவணை போட்டது அவர் என்றாலும், போகலாம் என்று முதலில் ஆரம்பித்தது நான். என் பிள்ளைகளின் அப்பாவை நானே கொன்றுவிட்டேன்.

எதிர்வீட்டுத் தாத்தாவும் போன மாதக் கடைசியில் இறந்துவிட்டார். நாங்கள் ஊருக்குக் கிளம்பிய அன்று லிஃப்டில் எங்களோடு இறங்கியவர். "மாஸ்டர் குடுத்துட்டுப் போனதுதான்" என்று கட்டடம் முழுக்கப் பேச்சு. அவருடைய பேத்தி பெரியவளிடம் நேராகவே சொல்லிவிட்டாள்.

நீ அன்றைக்குக் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால் வாலுவும் இல்லை அக்கா. இதை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். "பெரியம்மாதான் நம்மளக் காப்பாத்துனாங்க" என்று அவன் போனில் யார் கேட்டாலும் சொல்கிறான். ஒரு தடவை வந்துவிட்டுப் போயேன். உன் மடியில் தலை வைத்து அழவேண்டும் போல இருக்கிறது.

உன்
பாப்பா


மார்ச் 16

பாப்பா,

பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் இதை மடித்து வைத்துவிட்டுப் பிறகு படி.

அந்த வெள்ளிக்கிழமை உங்கள் நான்கு பேருக்கும் நோய் இல்லை. நாலு கோடும் படுத்தேதான் கிடந்தன. நான் மெஷினை விட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். அப்போதும் அப்படியேதான் இருந்தன.

அன்று காலை என் அறையில் வாலு குதித்துக் குதித்து மூச்சு வாங்கினான். நீ மருந்தைக் கொடுத்துவிட்டு, "சரியாயிடுச்சு பாத்தியா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. யாராவது ஒருவருக்கு இருந்தால் போதும், நீங்கள் எல்லாரும் திரும்பிப் போய்விடுவீர்கள் என்று தோன்றியது. பிள்ளைகள் பெயரில் எழுத மனசு வரவில்லை. உன் பெயரில் எழுதினால் அவர்களை யார் பார்ப்பது? மாப்பிள்ளைக்கு எதுவும் ஆகாது என்று நினைத்தேன். அவர் பெயரில் எழுதினேன்.

வீட்டிலேயே தனியாக இருக்கச் சொல்வார்கள், அதுவரை அப்படித்தான் வழக்கம். வெளியூர்க்காரர்களை அரங்கத்துக்கு அனுப்பவேண்டும் என்று அந்த வாரம் உத்தரவு வந்திருக்கிறது. பலகையில் ஒட்டியிருந்தது, நான் படிக்கவில்லை. வாசலில் வண்டி வந்து நின்றபோதுதான் எனக்கே தெரியும். அப்போதே சொல்லிவிட வாயைத் திறந்தேன். மாப்பிள்ளை "நல்லவேளை, நீங்க பாத்தீங்க" என்றார். மூடிக்கொண்டேன்.

பிறகு நீ ஒரு வரி கேட்டாய். அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல்கூட இல்லை. எழுதிக் கொடுத்திருந்தால் மறுநாளே உன்னிடம் வந்திருப்பார், வந்தபின் காய்ச்சல் வந்திருந்தாலும் நீ பக்கத்தில் இருந்திருப்பாய். எனக்கு வேலை போகும், வழக்கு வரும், நீ என் முகத்தில் விழிக்கமாட்டாய் என்றெல்லாம்தான் யோசித்தேன். மூன்று நாள்தானே என்று உனக்கு எழுதியதை எனக்கும் சொல்லிக்கொண்டேன். முதல் பொய்யை உங்களுக்காகச் சொன்னேன். இரண்டாவதை எனக்காகச் சொன்னேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. நீ உன்னையே கொலைகாரி என்று எழுதியிருந்ததைப் படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. நீ பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக ஆசைப்பட்டாய், அவ்வளவுதான். செய்தது நான்.

அக்கா


ஏப்ரல் 3

உன் கடிதத்தை இத்தனை நாளில் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. நீ வாலுவுக்காகத்தான் செய்தாய் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. அந்த வெள்ளிக்கிழமையை என்றைக்காவது ஒரு நாள் மன்னித்தாலும் மன்னித்துவிடுவேன். பிப்ரவரி பன்னிரண்டாம் தேதிக் கடிதத்தையும் எடுத்துப் பார்த்தேன். வாலுவுக்கு ஆவி பிடி என்று எழுதியிருக்கிறாய். ஒரு எழுத்துகூட நடுங்கவில்லை.

அவன் உன்னைத் தினமும் கேட்கிறான். அவனுக்கு எதுவும் சொல்லவில்லை.

பெரியவளுக்குப் பள்ளி திறந்துவிட்டது. எதிர்வீட்டார் லிஃப்டில் இருப்பார்களோ என்று ஒன்பது மாடியும் படியில்தான் ஏறி இறங்குகிறாள். நேற்று அவளாகவே வாயைத் திறந்தாள். "அப்பாவாலதானே அந்தத் தாத்தா செத்தாரு?" என்று கேட்டாள். "இல்லம்மா, அப்பாவுக்கு அன்னிக்கு ஒண்ணுமே இல்ல" என்றேன். "உனக்கு எப்படித் தெரியும்? சீட்டுல இருந்துச்சே" என்றாள். அவளுக்குக் காட்ட உன் கடிதத்தைத் தவிர என்னிடம் எதுவும் இல்லை, அதை எதிர்வீட்டார் நம்பமாட்டார்கள்.

உங்கள் கூடத்தின் தாளில் எழுது. பிப்ரவரி ஐந்தாம் தேதி அவருக்கு நோய் இல்லை என்றும், சீட்டில் மாற்றி எழுதியது யார் என்றும். மேலதிகாரியின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். என்ன விசாரணை வந்தாலும் வரட்டும். எதிர்வீட்டுக் கதவைத் தட்டி அதை நானே காட்டுவேன். பிறகு பெரியவள் கையில் கொடுத்துவிடுவேன்.

உறைக்குள் அந்தத் தாளை மட்டும் வை. கூடக் கடிதம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
டிரில் மாஸ்டரின் மனைவி