அசடன் பேச வேண்டிய இடம்

மார்ச் 3

கதைக்காரருக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அக்கா வீட்டில் ஒரு குறையும் இல்லை. அத்தானின் குறட்டைதான் சுவரைத் தாண்டி வருகிறது.

எத்தனை வருஷமாகச் சனிக்கிழமைதோறும் நூலகத்தில் பிள்ளைகளுக்கு நீங்கள் கதை சொல்ல, கதையில் வரும் அசடனாக நான் பேசி வருகிறேன்! போன வாரம் அசடனின் கடைசிப் பேச்சை நான் முடித்த கையோடு, "இதுலேர்ந்து நமக்கு என்ன தெரியுதுன்னா" என்று ஆரம்பித்தீர்களே, அப்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விளக்கம் சொன்ன பிறகு அவன் எங்கே அசடன்? வீட்டுக்கு வந்து கேட்டால், பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்று எனக்கே பாடம் எடுத்தீர்கள். அதனால்தான் கிளம்பி வந்தேன்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


மார்ச் 9

என் அன்புள்ள அசடனுக்கு,

உன் கடிதத்தைத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்து படித்தேன். அதே யோசனையில் ஒருவருடைய சட்டைக்கு இரண்டு இடக்கை வைத்துத் தைத்துவிட்டேன்.

சனிக்கிழமை தனியாகத்தான் போனேன். அசடனையும் நானே பேசினேன். முன்வரிசைச் சின்னப் பெண், "தாத்தா, இது வேற யாரோ. அசடன் எப்ப வருவாரு?" என்று கேட்டாள். கடைசியில் விளக்கமும் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆக, நான் சொன்னதுதான் சரி.

உன்,
கதைக்காரன்


மார்ச் 13

கதைக்காரருக்கு,

தலையாட்டினார்களா, தூங்கி விழுந்தார்களா? நான் இல்லாமலே நன்றாக நடக்கிறது என்றால் சந்தோஷம். இங்கேயே இருந்துவிடு என்கிறாள் அக்கா. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


மார்ச் 18

என் அன்புள்ள அசடனுக்கு,

புதிதாக ஒரு கதை கட்டியிருக்கிறேன், கேள்.

வீட்டுக்கு முக்கியம் கதவா, சுவரா என்று அசடனுக்கும் அவன் மனைவிக்கும் வாக்குவாதம். அசடன் ஜெயித்துவிட்டான். அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். ஜெயித்த சந்தோஷத்தில் அவன் தெருவுக்கு வந்தான். சலூன்காரரிடம் சொன்னான், அவர் "அப்படியா" என்று கத்தரியை எடுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னான். அவர் கொட்டாவி விட்டார். சாப்பிடும்போது எதிரிலிருந்த நாற்காலியிடமும் சொல்லிப் பார்த்தான். பிறகு அவள் இருக்கும் ஊருக்கு நடந்தே போய்க் கதவைத் தட்டினான். அவள் திறந்து, "எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டாள்.

இதற்குமேல் நகரவில்லை. அசடன் பேச வேண்டிய இடம் அது. நான் எதை எழுதினாலும் விளக்கமாகத்தான் வருகிறது. நீ இல்லாத வீடு எனக்குப் பிடிக்கவில்லை.

உன்,
கதைக்காரன்


மார்ச் 22

என் அன்புள்ள கதைக்காரருக்கு,

கதையை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடிவிட்டுக் கேட்டாள். "எதுக்கு வந்தீங்க?" என்று நான் நிறுத்தியதும், "அப்புறம் அவன் என்ன சொன்னான்?" என்று அவசரப்பட்டாள். எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அசடன் குரலிலேயே சொன்னேன்:

"நான் ஜெயிச்சுட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தரும் சண்டைக்கு வரல. வா, வீட்டுக்குப் போயி முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே உங்களைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்கால பஸ்ஸில் வருகிறேன்.

உங்கள்,
அசடன்