ஒட்டுக்குக் கீழே துளிர்த்தது

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே நாங்கள் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம் என்பதை உன் அண்ணியிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன். நான் போன் செய்தால் "ம்" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை கையில் கொடுத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிக் கைமாற்றிவிட முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் கடைச் சமாசாரம். சரிவுத் தோட்டத்து ஷார்டனே திராட்சை ஒயின் முதல்முறையாகப் புட்டியில் ஏறி விற்பனைக்கு வந்துவிட்டது. நன்றாகவே போகிறது. பொய் சொல்லமாட்டேன், நான் போட்ட கணக்கு தப்பவில்லை. ஹோட்டல்காரர்கள் கேள்வி கேட்காமல் எடுக்கிறார்கள்.

அதற்கு நீ கிண்டலாக வைத்தாயே 'சாது' என்று ஒரு பேர், அது பொருத்தம்தான். அந்தத் திராட்சைக்குச் சொந்த வாசனை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஓக் மரப் பீப்பாயில் வைத்தால் வெண்ணெயும் வறுத்த பாதாமுமாக வரும். ஸ்டீல் தொட்டியில் வைத்தால் ஆப்பிள் வாசனையோடு அடக்கமாக நிற்கும். அறுவடைக்கு ஒரு வாரம் தாமதமானாலும் பொறுத்துக்கொள்ளும். நல்ல புட்டியாக இருந்தால் அலமாரியில் வருஷக்கணக்கில் கிடந்தாலும் முகம் சுளிக்காது. ஊரோடு ஒத்துப்போகிற ரகம். வியாபாரிக்கு வேறென்ன வேண்டும்?

'வாயாடி' அப்படியா? சாவின்யான் பிளாங்க் என்ற அதன் பேரைச் சொல்லவே நம் ஆட்களுக்கு வாய் சுளுக்கிக்கொள்ளும். சின்ன வயதில் நான் உனக்கு வைத்த பட்டப்பேரை நீ அதற்குத் தூக்கிக் கொடுத்தாய். புட்டியைத் திறந்த மாத்திரத்தில் எலுமிச்சைத் தோல், அறுத்த புல், பச்சைக் குடைமிளகாய் என்று பேச ஆரம்பித்துவிடும். ஒரு வாய் குடித்தால் காதுவரை கூசும். பறிக்க நாலு நாள் பிந்தினால் அந்த வாசனை போய்விடும். ரெண்டு வருஷத்துக்குள் குடிக்காவிட்டால் வாடிவிடும். கடைக்கு வருகிற பத்துப் பேரில் மூன்று பேருக்குத்தான் பிடிக்கும். ஆனால் அந்த மூன்று பேர் வேறெதையும் தொடமாட்டார்கள். நான் மீதி ஏழு பேரைப் பார்த்தேன். என் புத்தி அப்படித்தான் ஓடும், உனக்குத் தெரியும்.

நீ நட்டு வளர்த்த வாயாடிக் கொடிகளை அடியோடு பிடுங்காமல், தண்டைப் பாதியில் அறுத்து அதன்மேல் சாதுவை ஒட்டுக்கட்டச் சொன்னேன். வேர் அப்படியே இருக்கிறதே, மூன்றாம் வருஷம் முழு விளைச்சல் கிடைக்குமே என்று எனக்கு அது சாமர்த்தியமாகப் பட்டது. உன்னைக் கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய். அதனால்தான் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டுக் கல்யாணத்துக்கு நீ போயிருந்த வாரமாகப் பார்த்து ஆட்களை வரவழைத்தேன்.

திரும்பி வந்ததும் நீ கத்தப் போகிறாய் என்று பதில்களை வரிசையாகத் தயார்செய்து வைத்திருந்தேன். நீயோ வெட்டுப்பட்ட தண்டுகளையும் அவற்றில் சுற்றியிருந்த வெள்ளை நாடாவையும் பார்த்தபடி சரிவின் கடைசிவரை நடந்தாய். திரும்பி வந்து உன் கவாத்துக் கத்தரியைக் கழுவித் துடைத்துக் கொட்டகை ஆணியில் மாட்டினாய். அந்த மாதமே வெளிநாட்டுத் தோட்டத்தில் வேலை என்று ரெண்டு பேரும் கிளம்பிவிட்டீர்கள். நான் சேர்த்து வைத்த பதில்களெல்லாம் இன்னும் என்னிடமே கிடக்கின்றன.

போன வாரம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை கடைக்கு வந்தார். வாயாடியைத் தவிர வேறெதையும் வாங்காதவர். சாதுவை ஊற்றிக் கொடுத்தேன். மரியாதைக்கு முழுசும் குடித்தார். "நல்லாத்தான் இருக்குப்பா. சொன்ன பேச்சு கேக்குற பிள்ளை மாதிரி இருக்கு. அந்தச் சண்டைக்காரி எங்கே?" என்றார். இப்போது போடுவதில்லை டீச்சர் என்றேன். "ஏன்? யாரு என்ன சொன்னா அவளை?" என்று கேட்டுவிட்டுக் காலிப் பையோடு போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் நீ செய்த கடைசி வருஷத்துப் புட்டி ஒன்றை, எனக்கென்று வைத்திருந்ததை, எடுத்துத் திறந்தேன். தெரிந்த விஷயம்தான், காலம் கடந்துவிட்டது. வேகவைத்த பட்டாணித் தண்ணீர் மாதிரி இருந்தது. வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சீக்கிரம் குடியுங்கள், வைத்துக் காக்காதீர்கள் என்று சொல்லி விற்றவன் நான். உன் அண்ணி ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தாள். "ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்புன்னு சொல்வாங்க. நீங்க அதைத் தோட்டத்துலயே செஞ்சு காட்டிட்டீங்க. இப்போ புட்டியைத் திறந்து வெச்சு என்ன விசாரணை?" என்றாள். அவள் வாய்க்கு நான் பதில் சொல்லி ஜெயித்ததாகச் சரித்திரமே இல்லை.

இனிமேல்தான் விஷயம். தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய கடைசி வரிசையில் ஆட்கள் போன வருஷம் சரியாகக் கவனிக்கவில்லை. ஒட்டுக்குக் கீழே, பழைய தண்டிலிருந்து துளிர்கள் கிளம்பிவிட்டன. கிள்ளி எறிந்திருக்க வேண்டும், விட்டுவிட்டார்கள். இந்த வருஷம் அவை கொடியாகி, குலையும் பிடித்திருக்கின்றன. மேலே சாது, கீழே வாயாடி, ஒரே வேரில். மேஸ்திரி கத்தியோடு போனார், "ரெண்டும் ஒரே வேர்ல ரொம்ப நாள் இருக்காதுங்க, கீழே இருக்கறது மேலே இருக்கறதைத் தின்னுடும்" என்றார். இன்றைக்கு வேண்டாம் என்றேன். மறுவாரமும் அதையே சொன்னேன். இப்போது அவர் என்னிடம் கேட்பதையே நிறுத்திவிட்டார்.

நேற்றுக் காலை நானே போய் ஒரு காயைப் பறித்துக் கடித்தேன். இன்னும் பழுக்கவில்லை, பல் கூசியது. ஆனால் அந்த எலுமிச்சைத் தோல் வாசனை மூக்கில் ஏறியதும் அப்படியே தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது புளிப்பினால்தான் என்று உன் அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன். அவள் நம்பவில்லை. உனக்கு எப்படி எழுதுவாளோ தெரியாது.

இந்தக் குலைகளை எந்தக் காலையில் பறிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. நீ வரிசை வரிசையாகக் கடித்துத் துப்பிக்கொண்டே போவாய், ஒரு நாள் திடீரென்று இன்றைக்கு என்பாய். நான் எத்தனையோ தடவை பின்னால் நடந்திருக்கிறேன், விலையை யோசித்துக்கொண்டே. கற்றுக்கொள்ளவில்லை. சாதுவாக இருந்தால் யாரை வேண்டுமானாலும் விட்டுப் பறித்துவிடுவேன். இது உன்னுடையது, காத்திருக்காது. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் நீ மட்டுமாவது வா.

பறித்து முடித்ததும் கவாத்து இருக்கிறது. அந்த வரிசையில் மேலே இருப்பதை வெட்டுவதா, கீழே இருப்பதை வெட்டுவதா என்று இந்தத் தடவை நீ சொல். மேலே இருப்பதைத்தான் என்றாலும் சரி. மற்ற வரிசைகளைப் பற்றியும் பேசலாம். உன் கத்தரி அதே ஆணியில் இருக்கிறது. துருப்பிடிக்காமல் எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். வேறு யாரும் தொடவில்லை, நானும்தான்.

நீயும் மாப்பிள்ளையும் எங்கே இருந்தாலும் குறைவில்லாமல் இருக்க வேண்டும். வந்தால் வாசலிலேயே நின்று வேண்டுமானாலும் கத்தும்மா. நான் பதில் எதுவும் தயார்செய்து வைக்கவில்லை.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்,
அண்ணன்