பத்து நாள் சோதனை

அடி அண்ணாமலை
14.12.1984

அன்புள்ள தங்கை ஆதிலட்சுமிக்கு,

அண்ணன் இராமலிங்கம் எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் கம்மி.

நீ செய்து லாரி பார்சலில் அனுப்பிய மல்லாட்டை உடைக்கும் மெஷினை, நீ சொன்னபடியே மூன்றாம் தேதி தொடங்கிப் பத்து நாள் ஓட்டினோம். பக்கத்துத் தெரு தங்கம்மாள் அக்காவும் இன்னும் மூன்று பெண்களும் மாறி மாறிக் கைப்பிடியை ஆட்டினார்கள். தினமும் நூறு நிலக்கடலைப் பருப்பை எண்ணி, அதில் எத்தனை உடைந்தது என்று எழுதியிருக்கிறேன். எந்த நாளும் ஆறைத் தாண்டவில்லை. இரும்புக்கு மேல் நீ டயர் ரப்பர் வைத்தது நல்ல யோசனை. விதைக்கு முழுப் பருப்புதானே வேண்டும்.

பெரியப்பா கீழ்பென்னாத்தூரில் உனக்கு ஒரு வரன் பார்த்திருக்கிறார். "அந்த மெஷின் போட்டியில ஜெயிச்சா மேல படிக்கட்டும். இல்லன்னா பங்குனியில கல்யாணம்" என்று சொல்லிவிட்டார். அப்பா போன பிறகு இந்த வீட்டில் அவர் பேச்சுதான் என்பது உனக்குத் தெரியும். நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அண்ணன் இராமலிங்கம்


கோயம்புத்தூர்
6.1.1985

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் எண்களை வைத்துப் போட்டிக்குக் கட்டுரை எழுதி அனுப்பினேன். தேர்வாகிவிட்டது. பத்தொன்பதாம் தேதி பெங்களூரில் போட்டி. வேளாண் பொறியியல் கடைசி வருஷம் படிக்கிற எட்டுப் பேர் நடுவர்கள் முன்னால் பேச வேண்டும். எட்டில் பெண் நான் ஒருத்திதான்.

வரைபடம் போடுவதற்காக நேற்று உங்கள் தாளைத் திரும்ப எடுத்தேன். ஐந்தாம் நாள் டிசம்பர் ஏழு. அன்று கார்த்திகை தீபம். மலை சுற்றுகிற கூட்டம் நம் வாசலை அடைத்துக்கொண்டு போகிற நாளில், தங்கம்மாள் அக்கா மல்லாட்டை உடைக்க வந்தாரா? ரப்பர் தேயத் தேய எண் ஏற வேண்டும். உங்கள் தாளில் கடைசி வரை ஐந்து, ஆறு, ஐந்து, ஆறு என்றே இருக்கிறது. அனுப்பும் முன் நானே பார்த்திருக்க வேண்டும். நடந்ததை எழுதுங்கள்.

ஆதிலட்சுமி


அடி அண்ணாமலை
10.1.1985

லட்சுமிக்கு,

மூன்று நாள்தான் ஓட்டினோம். முதல் இரண்டு நாள் எண்கள் நிஜம். மூன்றாம் நாள் நூற்றுக்குப் பத்தொன்பது உடைந்தது. ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்தது. தங்கம்மாள் அக்கா பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "இத்த விதைக்குப் போட முடியாதுன்னு பொண்ணுக்கு எழுதிடுப்பா" என்றார். நான் எழுதவில்லை. மெஷினைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை ஒரே நாளில் உட்கார்ந்து நானே எண்களைப் போட்டேன். தேதியைக்கூட யோசிக்கவில்லை.

நான் எட்டாவதோடு நின்றவன். நீயும் பாதியில் நிற்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். இது வெளியில் யாருக்கும் தெரியாது. இனி உன் இஷ்டம்.

அண்ணன்


கோயம்புத்தூர்
22.1.1985

அண்ணாவுக்கு,

போட்டியில் மூன்று நாள் எண்களை மட்டும் காட்டினேன். கட்டுரையில் உள்ள மற்ற எண்கள் அளந்து எடுத்தவை அல்ல என்று சொன்னேன். பின்னே யார் எழுதியது என்று கேட்டார்கள். கட்டுரையில் இருப்பது என் பெயர், பொறுப்பும் என்னுடையது என்றேன். ஒரு நடுவர் மட்டும் ரப்பர் எந்தப் பக்கம் தேய்ந்தது என்று விசாரித்தார். பிறகு என் கட்டுரையைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள். நாற்று நடும் கருவி செய்த பஞ்சாப் மாணவருக்குப் பரிசு.

திரும்பும்போது என் பேராசிரியரும் கூட வந்தார். சேலம் தாண்டியதும், "வேற ரப்பர் வெச்சு முழுசா பத்து நாள் நீயே செஞ்சு பாரு. மேல படிக்க நான் சிபாரிசு பண்றேன். வீட்ல ஒத்துக்கணும்" என்றார்.

பெரியப்பாவிடம் நான் தோற்றதைச் சொல்லிவிடுங்கள். பங்குனிக்கு வருகிறேன். எனக்காகத்தான் செய்தீர்கள் என்று தெரிகிறது. ஆனாலும் உங்கள்மேல் வருத்தம் இருக்கிறது. அது போக நாளாகும்.

ஆதிலட்சுமி


அடி அண்ணாமலை
5.2.1985

அன்புள்ள லட்சுமிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீ தோற்றதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். ஏன் தோற்றாய் என்பதை அப்போது சொல்ல வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அம்மா காபி கொடுத்தாள். பெரியப்பா முகூர்த்தத் தேதியை எடுத்ததும் நான் எழுந்து நின்றேன். "தங்கச்சி வேலையைக் கெடுத்தது நான்தாங்க. பொய்க் கணக்கு எழுதினேன். அவ திரும்பச் செஞ்சு முடிக்கணும். படிப்பு முடியற வரைக்கும் கல்யாணப் பேச்சு வேணாங்க" என்றேன். பெரியப்பா எதிரில் நான் இப்படிப் பேசியது இதுதான் முதல் தடவை.

வந்தவர்கள் மரியாதையாகவே கிளம்பினார்கள். பெரியப்பா கோபித்துக்கொண்டு போனவர், இன்னும் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. அம்மாவுக்கும் என்மேல் கோபம்தான். இன்று காலை, நீ எப்போது வருகிறாய் என்று கேட்டாள்.

தங்கம்மாள் அக்கா மாசியில் பத்து நாள் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு மூட்டை மல்லாட்டையை விற்காமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். ரப்பர் வாங்கிக்கொண்டு வா. கைப்பிடியை நான் ஆட்டுகிறேன். நோட்டில் நீ எழுது.

அண்ணன் இராமலிங்கம்