ஒத்துப்போன தாள்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நடந்ததை ஒன்றும் மறைக்காமல் எழுதுகிறேன். இன்று பள்ளி விட்டதும் அம்மாவின் ஆய்வுக்கூடத்துக்கு வந்தேன்; இன்னும் இங்கேதான் இருக்கிறேன். ஓர் அணுவளவே தடிமனுள்ள இரண்டு கரித்தாள்களை அம்மா சற்றுத் திருப்பி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தாள். சூடாக்கியதும் மேல்தாள் தானாகவே நகர்ந்து கீழ்த்தாளோடு பொருந்திவிட்டது.

“போச்சுடி, ஒரு வாரப் பாடு!” என்று அம்மா தலையில் கைவைத்தாள்.

“சேர்ந்துடுச்சேம்மா, நல்லதுதானே?”

“சேர்ந்துட்டா வெறும் பென்சில் கரிடி. ஒத்துப்போகாம இருந்தாத்தான் புதுசா குணமெல்லாம் வரும்.”

எனக்குக் குழப்பமாக இருக்கிறது. நீங்கள் வேறு வீட்டுக்குப் போனபிறகு அம்மா வேலை செய்துகொண்டே பாடுகிறாள். நீங்களும் போனில் சிரிக்கிறீர்கள். இதுவரை நீங்கள் திரும்பி வரவேண்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொண்டேன். இன்றைக்கு எதை வேண்டிக்கொள்வது?

அம்மா புதிதாக ஒரு தாளைத் திருப்பி வைத்துவிட்டாள். வீட்டுக்குக் கிளம்ப விளக்கையும் அணைக்கப்போகிறாள்.

உங்கள் மகள்