யாரும் தொடாத கணினி

அக்கா,

அன்று கல்லூரி முதல்வரின் அறையில் நான் சொல்லாமல் விட்டது இதுதான்: "விதியை மாற்றியது நீங்கள்."

இன்று உங்கள் கணினியின் உறையை எடுத்தேன். விசைப்பலகையில் இன்னும் உங்கள் சந்தனப் பவுடர் வாசனை. அதனால்தான் எழுதுகிறேன். அழுவதற்காக இல்லை.

கல்லூரியில் ஆட்கள் எழுந்து போனபின் சும்மா கிடக்கும் கணினிகளையெல்லாம் சேர்த்து, பெரிய கணக்குகளைப் போடவைக்கும் நிரலை நான் எழுதினேன். பத்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் அது உள்ளே வரும். மவுஸில் விரல் பட்டதும் விலகிவிடும். "உங்க வேலைக்கு இடைஞ்சலே இருக்காது" என்று மேசை மேசையாகப் போய் வாக்குக் கொடுத்தேன். உங்களிடமும் கேட்டேன். "என் மிஷின் மட்டும் வேண்டாம் கண்ணு, ஸ்லோ ஆயிடும்" என்று சிரித்தீர்கள். ஆய்வகத்தில் எனக்கு மூத்தவர் நீங்கள்; விஜயநகரிலிருந்து தினமும் என்னை ஸ்கூட்டரில் ஏற்றி வந்தவரும் நீங்கள். நானும் சிரித்தேன்.

பிறகு உங்கள் ஆய்வுக்கான மழைக் கணக்குக்கு அவசரம் வந்தது. யாரையும் கேட்காமல் அந்தப் பத்து நிமிடத்தை நீக்கினீர்கள். விலகும் விதியையும் எடுத்துவிட்டீர்கள். அலுவலகத்தில் மாணவர் சேர்க்கைப் பட்டியல் தட்டிக்கொண்டிருந்த சரோஜம்மாவின் கணினி அப்படியே நின்று, அவருடைய காலை நேர உழைப்பு முழுதும் போயிற்று. மாற்றம் உங்கள் பெயரில் பதிவாகியிருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் முதல்வர் முன் வந்து நின்றேன். நீங்கள் என் தோளில் கை வைத்தீர்கள். "சின்னப் பொண்ணு சார், ஆர்வக்கோளாறு. நான் சரி பண்ணிக் குடுக்கறேன்."

அந்தக் கை தோளில் இருந்தவரை அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிரல் உங்கள் பொறுப்புக்குப் போனது. ஆய்வகச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். மறுநாளும் "ஏறு, லேட் ஆகுது" என்று ஸ்கூட்டரை நிறுத்தினீர்கள். நான் பஸ்ஸில் போனேன்.

நீங்கள் காய்ச்சலில் போய் மூன்று மாதம். சாவி என்னிடம் திரும்பிவிட்டது. அந்தப் பதிவை அச்செடுத்து இன்று சரோஜம்மாவிடம் நீட்டினேன்.

"போனவங்களப் பத்தி இப்ப எதுக்கும்மா?"

"அன்னிக்கு உயிரோட நின்னேனே, என்னை யாராவது கேட்டீங்களா?"

அவர் படித்தார். தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். மதியத்துக்குள் அலுவலகம் முழுக்கத் தெரிந்துவிடும். தெரியட்டும்.

உங்களை நான் மன்னிக்கவில்லை. அந்த வாசனை எனக்கு இன்னும் பிடிக்கிறது; கோபம் ஆறாததற்கு அதுவும் ஒரு காரணம்.

உங்கள் கணினியை மற்றவற்றோடு இணைத்தேன். பழைய விதிதான், பத்து நிமிடம். பக்கத்தில் உட்கார்ந்து காத்திருந்தேன். யாரும் தொடவில்லை. அது என் கணக்கைப் போடத் தொடங்கியது.