கடைசி நிறுத்தத்திலிருந்து வீடு வரை

ஜனவரி 9, வியாழன்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்த்தேன். சக்கரத்தில் விழும் தண்ணீர் இந்த மலைக்குளிரில் விரல்களை மரத்துப்போக வைக்கிறது. கை லென்ஸில், மனசு ஞாயிற்றுக்கிழமையில்.

ஞாயிறன்று நெடுந்தூர ஓட்டம். அணைக்கட்டிலிருந்து வீடு வரை, இருபத்தெட்டு கிலோமீட்டர். இரண்டு வாரமாகத் தள்ளிப்போட்டாயிற்று: ஒரு வாரம் மழை, ஒரு வாரம் தலைவலி. இதை முடித்தால்தான் மார்ச் மாரத்தானுக்குப் பெயர் கொடுப்பேன். பெயர் கொடுக்கத் திங்கள் கடைசி நாள்.

போன வருஷம் பாதி தூரத்தில், ஓட முடியாதவர்களை அள்ளிக்கொண்டு வரும் வண்டியில் ஏறிவிட்டேன். கால்வலி எல்லாம் இல்லை. வண்டி பக்கத்தில் வந்தது, கதவு திறந்தது, ஏறிவிட்டேன். அன்றிலிருந்து கொழுந்தனுக்கு நான் ‘வண்டி அண்ணி’.

ஜனவரி 11, சனி

ஓட மனசே இல்லை. கால் நன்றாக இருக்கிறது, அதுதான் எரிச்சல்.

சாப்பிடும்போது கொழுந்தன் ஆரம்பித்தான். “நாளைக்குத் தண்ணியெல்லாம் உறையுமாம் அண்ணி. வண்டி சொல்லி வைக்கட்டுமா?”

“நீ முதல்ல மாடிப்படி ஏறிட்டு மூச்சு வாங்காம பேசு.”

இவர் சிரிப்பை மறைக்கத் தண்ணீர் குடித்தார்.

என்னை எனக்குத் தெரியும். வீட்டிலிருந்து ஓட ஆரம்பித்தால் எந்த முக்கிலும் திரும்பிவிடுவேன். அதனால் பஸ்ஸில் போய் இறங்கி, வீட்டுக்கு ஓடி வருவதுதான் என் வழக்கம். போகும் டிக்கெட்டுக்கு மட்டும் சில்லறை. பர்ஸும் போனும் இவரிடம்.

“கேட்டாலும் தராதீங்க.”

“நடுரோட்டுல நின்னுக்கிட்டு எங்கிட்ட எப்படிடி கேப்பே?”

அதுதானே வேணும்.

ஜனவரி 12, ஞாயிறு

எழுந்தாயிற்று. ஷூ போட்டாயிற்று. ஏன் போகிறேன்? தெரியவில்லை. போகிறேன்.

அதே நாள், மாலை

பஸ்ஸில் நான் மட்டும். இருக்கைக்கு அடியில் ஹீட்டர். ஷூ வரைக்கும் சூடு ஏறியது நினைவிருக்கிறது. அப்புறம் யாரோ தோளைத் தட்டினார்கள். டிரைவர்.

“கடைசி ஸ்டாப்மா. இறங்கலையா?”

“அணைக்கட்டு?”

“அது எப்பவோ போயிருச்சே!”

வெளியே கல்குவாரி. பூட்டிய கேட். அணைக்கட்டைத் தாண்டி ஆறு கிலோமீட்டர் வந்திருக்கிறேன். கையில் காசு இல்லை, போன் இல்லை. என் சாமர்த்தியம் என்னையே மாட்டிவிட்டது.

டிரைவர் நல்ல மனுஷர். “டீ குடிச்சிட்டுத் திரும்பிருவேன். உக்காருங்க, அணைக்கட்டுல இறக்கி விடறேன். டிக்கெட்டெல்லாம் வேணாம்.”

நியாயம்தான். இருக்கையில் சூடு அப்படியே இருந்தது. ஆனால் உட்கார்ந்தால் அணைக்கட்டில் இறங்குவேனா? மாட்டேன். எங்கள் தெருமுனை வரை வந்துதான் இறங்குவேன். தெரியாதா எனக்கு!

“வேணாங்க. ஓடியே போயிடறேன்.”

“எங்க?”

“வீட்டுக்கு.”

என் ஷூவைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “வீட்ல ஏதும் சண்டையா?”

முதல் சில கிலோமீட்டர் நரகம். குவாரித் தூசி உறைந்து சாலை முள்முள்ளாக இருந்தது. மூக்கு ஒழுகியது. வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன் — குளிரை, பஸ்ஸை, மாரத்தானைக் கண்டுபிடித்தவனை. திட்டத் திட்ட உடம்பு சூடானது.

அணைக்கட்டு கண்ணில் பட்டபோது பின்னால் ஹாரன். அதே பஸ். பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தது. கதவு திறந்தது. வெதுவெதுப்பான காற்று கன்னத்தில் பட்டது.

“போதும்மா, ஏறுங்க!”

அதே மாதிரி கதவு. போன வருஷமும் இப்படித்தான் திறந்தது. கொஞ்ச தூரம் அதை ஒட்டியே ஓடினேன். படிக்கட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

“மூடிடுங்கண்ணே,” என்றேன். “குளிர் உள்ள வருது.”

அவர் சிரித்துவிட்டார். கதவை மூடி, நீளமாக ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் கால்தான் கனத்தது, வேறெதுவும் கனக்கவில்லை. கடைசி ஏற்றத்தில் கொஞ்சம் நடந்தேன். அதையும் எழுதி வைக்கிறேன். ஆனால் எதிலும் ஏறவில்லை.

வாசலில் கொழுந்தன். “எங்க அண்ணி போனீங்க? அண்ணன் இருப்புக் கொள்ளாம தெருவுக்கும் வீட்டுக்கும் நடக்கறாரு.”

“தூங்கிட்டேன்டா.”

“ஓடும்போதா?”

ஜனவரி 13, திங்கள்

பெயர் கொடுத்துவிட்டேன். இன்று மாடிப்படியைப் பின்பக்கமாகத்தான் இறங்க முடிகிறது.

மார்ச் 23, ஞாயிறு

போன ஞாயிறு மாரத்தான் முடிந்தது. அந்த வண்டியை நான் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால் எங்கோ வந்திருக்கும்.

கொழுந்தன் மூன்று நாள் தட்டைப் பார்த்தே சாப்பிட்டான். பிறகு கேட்டான்: “அண்ணி, நானும் ஒரு நாள் வரட்டுமா? ரொம்ப தூரம் வேணாம். பாலத்து ஸ்டாப்லேருந்து.”

அவன் பேச்சில் ‘வண்டி’ காணாமல் போயிருந்தது. அவன் பர்ஸையும் போனையும் வாங்கி இவரிடம் கொடுத்தேன்.

இன்று காலையிலும் குளிர் விடவில்லை. அதே பஸ், அதே ஹீட்டர், அதே டிரைவர். பாலத்து நிறுத்தத்தில் கதவு திறந்தது. பக்கத்தில் கொழுந்தன் வாயைத் திறந்துகொண்டு நல்ல தூக்கம். டிரைவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

போகலாம் என்று கை காட்டினேன்.